சின்தசைசரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்: தன் பெயரையே இழந்து மீட்ட ராபர்ட் மோக்

வீட்டின் ஒரு மூலையில் மேசை போட்டு, அதன்மேல் ஒரு கீபோர்டும் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரு மடிக்கணினியும் வைத்து, இரவு நெடுநேரம் குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கும் இசை ஆர்வலர்கள் இன்று நாட்டின் எல்லாப் பெருநகரங்களிலும் இருக்கிறார்கள். ஆஸிலேட்டர், ஃபில்டர், என்வலப், கட்ஆஃப் என்ற சொற்கள் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. அந்தச் சொற்களுக்கு உரிய குமிழ்களில் பெரும்பாலானவை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரின் சிறு பட்டறை ஒன்றில் 1960-களில் வடிவம் பெற்றவை. அந்தப் பட்டறையின் உரிமையாளர் ராபர்ட் மோக்.

ஆங்கில எழுத்துகளைப் பார்த்து இந்தப் பெயரை மூக் என்று உச்சரிப்பவர்கள் உலகெங்கும் உண்டு. தமிழில் அப்படி எழுதினால் அது மூக்கு ஆகிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, மோக் என்ற உச்சரிப்பையே அவர் விரும்பினார். பெயர் பற்றிய இந்தச் சிறு குழப்பம் அவர் வாழ்க்கையில் பின்னர் வந்த பெரிய குழப்பத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. 71 ஆண்டுகள் வாழ்ந்த அவர், தம்முடைய குடும்பப் பெயரைத் தாமே தயாரித்த கருவியில் பொறிக்க முடியாமல் ஏறத்தாழ கால் நூற்றாண்டைக் கழித்தவர்.

தந்தையின் பட்டறை, தாயின் பியானோ

ராபர்ட் ஆர்தர் மோக் 1934-ஆம் ஆண்டு மே 23 அன்று நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஃப்ளஷிங்கில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் மோக், கான்சாலிடேட்டட் எடிசன் என்ற மின் விநியோக நிறுவனத்தில் பொறியாளர். வீட்டின் அடித்தளத்தில் மரவேலைக்கும் மின்வேலைக்கும் தனி இடம் வைத்திருந்தார். மகன் பியானோ கலைஞராக வேண்டும் என்பது தாயின் ஆசை. பல ஆண்டுகள் பியானோ பயிற்சி தொடர்ந்தது. ஆனால் சிறுவனின் மனம் மாடியில் இருந்த பியானோவைவிடக் கீழே இருந்த பற்றவைப்புக் கோலிடமே அதிகம் ஒட்டியது. இரண்டும் வீணாகவில்லை.

பள்ளிப் பருவத்தில் ஓர் இதழில் வெளியான வரைபடத்தைப் பார்த்து மோக் ஒரு தெர்மின் கருவியைச் செய்தார். சோவியத் பொறியாளர் லெவ் தெர்மின் 1920 வாக்கில் உருவாக்கிய அந்தக் கருவியைக் கையால் தொடாமலேயே வாசிக்க வேண்டும். பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆன்டெனாக்களின் அருகே வாசிப்பவர் கைகளை அசைப்பார். ஒரு கை சுருதியையும் மற்றொரு கை ஒலியின் அளவையும் நிர்ணயிக்கும். கட்டையும் இல்லை, தந்தியும் இல்லை. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் அந்த நாதத்தைக் கேட்கும் இந்தியச் செவிக்கு கமகம் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

1954-ஆம் ஆண்டு ஜனவரியில், 19 வயதில், தெர்மின் செய்வது பற்றி ரேடியோ அண்ட் டெலிவிஷன் நியூஸ் இதழில் மோக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் தந்தையுடன் சேர்ந்து ஆர்.ஏ. மோக் நிறுவனத்தைத் தொடங்கித் தெர்மின்களை விற்கத் தலைப்பட்டார். படிப்பும் கூடவே நடந்தது. குயின்ஸ் கல்லூரியில் இயற்பியல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு. அந்தப் பட்டம் 1965-இல்தான் கைக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் தெர்மின்தான்.

1961-இல் எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு இதழின் அட்டையில் அவருடைய டிரான்சிஸ்டர் தெர்மின் இடம்பெற்றது. உதிரிப் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு, வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் வகையில் 49.95 டாலருக்கு விற்றார். ஏறத்தாழ 1,000 பெட்டிகள் விற்றன. ஆராய்ச்சி மாணவரின் சிறு குடியிருப்பே தொழிற்சாலை ஆனது. 1958-இல் அவர் மணந்த ஷெர்லி, வீட்டையும் கணக்கு வழக்கையும் ஒருங்கே பார்த்துக்கொண்டார். பின்னாளில் பட்டறைக்கு வந்து போன இசைக்கலைஞர்களுக்கு வீட்டுச் சாப்பாடு போட்டவரும் அவரே. அந்த விருந்தோம்பலை மையமாக வைத்து அவர் ஒரு சமையல் நூலே எழுதினார்.

ஒரு கோடைக்காலமும் ஓர் அழைப்பு மணியும்

1963-ஆம் ஆண்டின் இறுதியில், நியூயார்க் மாநில இசை ஆசிரியர்களின் மாநாடு ராச்செஸ்டர் நகரில் நடந்தது. அங்கே தெர்மின் விற்க வந்திருந்த மோகும், ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த ஹெர்பர்ட் டாய்ச்சும் சந்தித்தனர். டாய்ச் ஏற்கெனவே ஒரு மோக் தெர்மினை வாங்கிப் பூட்டி வைத்திருந்தவர். மின்னணுக் கருவிகளால் இசையமைப்பது அக்காலத்தில் எவ்வளவு சிரமமான வேலை என்பதே இருவரின் பேச்சாகவும் அமைந்தது.

அந்தச் சிரமத்தை இன்றைய தலைமுறை கற்பனை செய்வதுகூடக் கடினம். வானொலி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த ஆய்வுக்கூடங்களில், சோதனைக்கு உரிய மின்கருவிகளிலிருந்து எழும் ஒலிகளை நாடாவில் பதிவார்கள். அந்த நாடாவைச் சவரக்கத்தியால் அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டி, சில நிமிட இசையை வாரக்கணக்கில் உருவாக்குவார்கள். வாசிப்பது என்ற செயலுக்கே அங்கு இடமில்லை. நியூயார்க்கில் இருந்த ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் சின்தசைசர் ஓர் அறையின் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதனிடம் இசையைக் காகிதத்தில் துளையிட்டுத்தான் சொல்ல முடியும்.

1964-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் டாய்ச் ட்ரூமன்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். சில வாரங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வேலை பார்த்தனர். டாய்ச் தமக்கு வேண்டிய ஒலியைச் சொல்வார். மோக் அதற்கு ஒரு மின்சுற்றைப் பூட்டித் தருவார். டாய்ச் அதை வாசித்துப் பார்த்து இன்னும் என்ன வேண்டும் என்பார். கண்டுபிடிப்பாளர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனிமையில் சிந்தித்து உலகத்தை மாற்றினார் என்ற வழக்கமான கதைக்கு இது பொருந்தாது. மோகின் வாழ்க்கை முழுவதிலும் இந்த முறையே திரும்பத் திரும்ப வருகிறது.

அவர்கள் கையாண்ட அடிப்படைக் கருத்து, மின்னழுத்தத்தால் ஒலியைக் கட்டுப்படுத்துவது. ஒலி அலையை எழுப்பும் சுற்றுக்கு ஆஸிலேட்டர் என்று பெயர். அதன் சுருதியைக் கையால் குமிழைத் திருகி மாற்றுவதற்குப் பதிலாக, வேறொரு சுற்றிலிருந்து வரும் மின்னழுத்தம் மாற்றினால் என்ன? மோக் வகுத்த ஏற்பாட்டில் அழுத்தம் 1 வோல்ட் கூடினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். அந்த 1 வோல்ட்டை ஒரு கீபோர்டிலிருந்து கொடுக்கலாம். மெதுவாக அலையும் மற்றோர் ஆஸிலேட்டரிலிருந்து கொடுத்தால் சுருதி நடுங்கும். வேகமாக அலையும் ஒன்றிலிருந்து கொடுத்தால் மணியோசை போன்ற புதிய நிறம் பிறக்கும். ஒரு சுற்றின் வெளியீட்டைக் கம்பியால் மற்றொன்றின் உள்ளீட்டில் செருகினால் போதும். எதை எதனுடனும் இணைக்கலாம் என்ற இந்தச் சுதந்திரமே பிற்பாடு மாடுலர் சின்தசைசர் என்று பெயர் பெற்றது. ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற கணக்கு, இன்று விற்கும் யூரோரேக் பெட்டிகளிலும் அப்படியே நீடிக்கிறது.

அந்தக் கோடையில் ஒரு சிக்கல் எழுந்தது. கட்டையை அழுத்தினால் ஒலி சட்டென்று தொடங்கியது, விட்டால் சட்டென்று நின்றது. வீணையின் தந்தியோ பியானோவின் கம்பியோ அப்படி ஒலிப்பதில்லை. நாதம் எழுந்து, தணிந்து, கரைந்து மறையும். அதற்கு ஒரு வழி காண, டாய்ச் ஊரில் இருந்த இரும்புக்கடைக்குப் போய் வீட்டு வாசலில் பொருத்தும் அழைப்பு மணிப் பொத்தான் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு கையால் கட்டையையும் மறு கையால் பொத்தானையும் அழுத்தினால், ஒரு மின்தேக்கி நிரம்பி வடியும் வேகத்துக்கு ஏற்ப ஒலி எழுந்து அடங்கியது. என்வலப் என்று இன்று எல்லா மென்பொருளிலும் இருக்கும் பகுதிக்கு அந்தச் சில்லறைக் காசுப் பொத்தானே முன்னோடி. மறு ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழக இசையமைப்பாளர் விளாடிமிர் உஸ்ஸாசெவ்ஸ்கி அதை நான்கு கட்டங்களாக வகுத்துக் கேட்க, மோக் அப்படியே செய்து கொடுத்தார்.

1964 அக்டோபரில் ஒலிப் பொறியியல் சங்கத்தின் மாநாட்டில் மோக் தம் கருவியைப் பற்றி ஆய்வுரை வாசித்தார். நடன அமைப்பாளர் ஆல்வின் நிக்கோலைஸ் முதல் வாடிக்கையாளர் ஆனார்.

கட்டை வேண்டுமா, வேண்டாமா

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் மறுகோடியில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா என்பவர் தனியே இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். அவர் பியானோவைப் போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டைகளைத் தம் கருவியில் வைக்க மறுத்தார். கட்டை இருந்தால் பழைய இசையே வரும் என்பது அவர் நிலைப்பாடு. உஸ்ஸாசெவ்ஸ்கியும் அதே கருத்தினர். ஆனால் டாய்ச்சுக்குக் கட்டை வேண்டியிருந்தது, மோக் அவர் பக்கம் சாய்ந்தார்.

இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. கட்டைகளுக்கு இடையே உள்ள சுருதிகளைத் தர இயலாது என்ற காரணத்தைச் சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்ததும், அது தளர 1971 வரை காத்திருக்க நேர்ந்ததும் இங்கு நடந்தவை. இசை என்ற அளவில் புக்லாவின் வாதத்தில் நியாயம் அதிகம் என்றே தோன்றுகிறது. ஆனால் பியானோ பழகிய ஒருவர் கடையில் நுழைந்து தயக்கமின்றித் தொட்டுப் பார்க்கக்கூடிய கருவி எது என்ற கேள்விக்கு விடை மோகிடம் இருந்தது.

மோகுக்கு உறுதியாக உரிமை கொண்டாட இருந்தது அவருடைய ஃபில்டர். ஆஸிலேட்டர் தரும் ஒலி கரடுமுரடானது, மேல்ஸ்தாயி ஒலித்துணுக்குகள் நிறைந்தது. ஃபில்டர் அவற்றில் வேண்டாதவற்றை வடித்து, வேண்டியதை விட்டுவைக்கும். டிரான்சிஸ்டர்களை இணை இணையாக ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் செய்த சுற்றின் ஒலியில் ஒரு கொழுமை இருந்தது. குமிழை மெல்லத் திருப்பினால் மூடிய வாயை ஒருவர் மெதுவாகத் திறந்து அகரம் சொல்வதுபோல் ஒலி மலரும். 1966-இல் விண்ணப்பித்து 1969 அக்டோபரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். சின்தசைசர் என்ற மொத்தக் கருவிக்கோ, பின்னர் தம் பட்டறையில் உருவாகி உலகமே நகலெடுத்த சுருதிச் சக்கரத்துக்கோ அவர் காப்புரிமை பெறவில்லை. பொறியாளராக அவர் காட்டிய கவனத்தை வணிகராகக் காட்டவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

அடுக்ககத்தில் பிறந்த வெற்றி

ஆரம்ப ஆண்டுகளில் மாடுலர் கருவிகளைப் பல்கலைக்கழகங்களும் விளம்பரப் படங்களுக்கு இசை செய்வோரும் வாங்கினர். விலை ஆயிரக்கணக்கான டாலர். இந்த நிலையை மாற்றியவர் வெண்டி கார்லோஸ். இயற்பியலும் இசையும் பயின்ற அவர், நியூயார்க்கில் தம் அடுக்ககத்திலேயே அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில், தாமே பூட்டிய 8 தட நாடாப் பதிவுக் கருவியுடன் வேலை செய்தார். மோக் சின்தசைசர் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். எனவே பாக் இசையின் பின்னிப் பிணைந்த இழைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அறை சூடானால் கருவியின் சுருதி விலகும். சில நொடிகள் வாசித்து நிறுத்தி, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். தொடும் அழுத்தத்தை உணரும் கட்டை உள்ளிட்ட பல மேம்பாடுகளைக் கார்லோஸ் கேட்டார். மோக் செய்து கொடுத்தார்.

1968-இல் வெளியான ஸ்விட்ச்டு ஆன் பாக் இசைத்தட்டு 10 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. 1970-இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. செவ்வியல் இசைத்தட்டு ஒன்று அப்படி விற்பது அரிது. வீட்டு ஸ்டுடியோ என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாட்டில் உருவான முதல் பெருவெற்றி என்று அதைக் கருதலாம்.

அதன்பின் ஆணைகள் குவிந்தன. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு கருவி வாங்கினார். 1969-இல் வெளியான ஆபி ரோடு தொகுப்பில் அது ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் மோக் கருவிகள் மட்டுமே பங்கேற்ற இசை நிகழ்ச்சி நடந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் அது திடீரென முடிந்தது. மோக் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய இசைத்தட்டுகள் வரிசையாக வந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று கேட்கத் தகாதவை. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று வாத்தியக் கலைஞர்களின் சங்கம் அஞ்சியதும் இந்தக் காலத்தில்தான்.

ஆமதாபாத்துக்கு வந்த கருவி

இந்த அலை இந்தியாவையும் தொட்டது. 1969-இல் ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து தங்கி அதை நிறுவிக் கொடுத்தார். அதன் மையத்தில் இருந்தது ஒரு மோக் மாடுலர் சின்தசைசர். பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். பக்கவாஜ் பயின்றவர், 1940-களில் நியூயார்க் சென்று ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடமிருந்து மேலை இசையைக் கற்றவர், விண்வெளித் திட்டத்தின் முன்னோடி விக்ரம் சாராபாயின் சகோதரி.

கீதா சாராபாயுடன் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்தக் கருவியில் இசையமைத்துப் பார்த்தனர். 1972-க்குப் பிறகு கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஏறத்தாழ 45 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து ஒழுங்குபடுத்த, 2023-இல் தொகுப்பாக வெளியாகின. உலகின் பெரும் பல்கலைக்கழகங்களே மோக் கருவிக்குக் காத்திருந்த நாளில் அது ஆமதாபாத்தில் இயங்கிக்கொண்டிருந்தது என்பதை நம்மில் பலர் அறிந்ததே அப்போதுதான்.

மதிய உணவு நேரத்தில் பிறந்த மினிமூக்

தவறு, மினிமோக். எழுதும் கையே சறுக்கும் அளவுக்கு அந்தத் தவறான உச்சரிப்பு பரவியிருக்கிறது.

புகழ் ஓங்கியபோதும் நிறுவனத்தில் பணம் தங்கவில்லை. ஏ.ஆர்.பி. போன்ற போட்டியாளர்கள் வந்தனர். விலை உயர்ந்த மாடுலர் கருவியை வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தனர். இந்த நிலையில் பட்டறையின் பொறியாளர் பில் ஹெம்சத், மதிய உணவு இடைவேளைகளில் கழித்துப் போட்ட பாகங்களைப் பொறுக்கி, ஒரு சிறிய கருவியைப் பூட்டினார். கம்பிச் செருகல் எதுவும் இல்லை. மூன்று ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், கட்டைகள் என எல்லாம் உள்ளேயே இணைத்து, கையில் தூக்கிச் செல்லும் அளவில் அமைந்தது. மோகுக்கு முதலில் அதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற கவலையில் இருந்த பொறியாளர்கள்தான் அதை முன்னே தள்ளினார்கள். ஜாஸ் கலைஞர் சன் ரா அதன் முன்மாதிரி ஒன்றை முன்கூட்டியே வாங்கிச் சென்று மேடையில் வாசித்தார்.

1970-இல் வெளிவந்த மினிமோகின் விலை சுமார் 1,500 டாலர். குறைவான தொகை அல்ல. ஆனால் ஓர் இசைக்குழு கடன் பட்டாவது வாங்கிவிடலாம். அதுவரை சின்தசைசர் இசைக்கடைகளில் விற்கும் பொருளே அல்ல. டேவிட் வான் கோவரிங் என்ற விற்பனையாளர் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைக்காரர்களைத் தேடிப் போனார். அவர்கள் தயங்கியபோது, இரவு விடுதிகளில் வாசிக்கும் கலைஞர்களிடம் நேரே காட்டி, அவர்களைக் கொண்டே கடைகளில் கேட்கவைத்தார். 1981 வரை 12,000-க்கும் மேற்பட்ட மினிமோக்குகள் தயாராகின. கீத் எமர்சன், ஸ்டீவி வொண்டர், பெர்னி வொரல், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் என்று அதை வாசித்தோரின் பட்டியல் நீளும். இடக்கையால் சக்கரத்தை நகர்த்திச் சுரத்தை வளைக்க முடிந்ததால், கிட்டார் கலைஞருக்கு நிகராகக் கீபோர்டு கலைஞரும் மேடையின் முன்னே வந்து நின்றார்.

பெயர் கைமாறியது

வெற்றி தாமதமாக வந்தது. 1971-இல், கடன் சுமையில் தவித்த மோக், பில் வேட்டெனா என்ற முதலீட்டாளரிடம் நிறுவனத்தை ஒப்படைத்தார். பட்டறை ட்ரூமன்ஸ்பர்க்கை விட்டு, பஃபலோ நகருக்கு அருகே ஒரு பழைய ஜெலட்டின் ஆலைக்கு இடம் பெயர்ந்தது. 1973-இல் கிப்சன் கிட்டார்களைத் தன்வசம் வைத்திருந்த நார்லின் குழுமம் அதை வாங்கியது. மினிமோகின் பெரும்பங்கு விற்பனை நடந்த ஆண்டுகளில் மோக் அங்கே வெறும் ஊழியர். எதைத் தயாரிப்பது என்பதில் அவர் சொல்லுக்கு எடை குறைந்துகொண்டே வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 1977-இல் வெளியேறினார். பெயர் நிறுவனத்திடமே தங்கிவிட்டது.

மறு ஆண்டு, குடும்பத்துடன் வடக்கு கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் அருகே மலைப்பகுதியில் குடியேறினார். பிக் பிரையர் என்ற பெயரில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். உலகின் இசைக்கடைகளில் எல்லாம் தம் பெயர் பொறித்த கருவிகள் விற்றுக்கொண்டிருக்க, அந்தப் பெயரைத் தாம் செய்த கருவியில் போட உரிமையின்றி, அவர் மீண்டும் தெர்மின்களைச் செய்துகொண்டிருந்தார். 1980-களில் சில ஆண்டுகள் கர்ஸ்வைல் நிறுவனத்தில் ஆய்வுப் பொறுப்பில் இருந்தார். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் மிடி என்ற பொது ஏற்பாடு, 1982 அக்டோபரில் கீபோர்டு இதழில் அவர் எழுதிய பத்தியின் வழியாகவே வெளியுலகுக்கு முதலில் அறிமுகமானது. வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கும் எவரும் மிடி இன்றி ஒரு நாளும் கழிப்பதில்லை.

அவர் விலகிய பிறகு மோக் மியூசிக் நிறுவனமும் நெடுநாள் தழைக்கவில்லை. ஜப்பானியக் கருவிகள் வந்தன. 1983-இல் யமஹாவின் டிஜிட்டல் கீபோர்டு டி.எக்ஸ்.7 சந்தையை அள்ளிக்கொண்டது. 1980-களின் பிற்பகுதியில் மோக் மியூசிக் மூடப்பட்டது. அப்போதும் பெயர் உரியவரிடம் திரும்பவில்லை. நிறுவனம் இல்லாமல் அநாதையாகக் கிடந்த வணிகப் பெயருக்கு வேறொருவர் உரிமை கோரினார். வழக்கும் செலவும் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

இதற்கிடையே ஒரு நிறைவான நிகழ்வும் உண்டு. சிறுவயதில் அவரை ஈர்த்த கருவியைத் தந்த லெவ் தெர்மின், 1938-இல் அமெரிக்காவிலிருந்து சோவியத் நாட்டுக்குத் திரும்பி, சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டு, மேலை நாடுகளில் பலராலும் இறந்துவிட்டவராகக் கருதப்பட்டவர். தொண்ணூறைத் தாண்டிய முதியவராக அவர் மறுபடி வெளியே வந்தபோது மோக் அவரை நேரில் சந்தித்தார்.

மீண்டும் மோக்

1990-களில் காற்று மாறியது. டிஜிட்டல் ஒலியின் துல்லியத்தில் சலிப்படைந்த இளம் கலைஞர்கள், அடகுக் கடைகளில் தூசி படிந்து கிடந்த பழைய மினிமோக்குகளைத் தேடி வாங்கத் தொடங்கினர். கிறுகிறுக்கும் சுருதியும் வெப்பத்துக்கு விலகும் ஆஸிலேட்டரும் குறையாகத் தோன்றாமல் உயிராகத் தோன்றின. விலைகள் ஏறின.

2001-இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு மோகுக்கு வழங்கப்பட்டது. 2002-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருதும் வந்தது. அதே 2002-இல் அமெரிக்காவில் தம் பெயரின் மீதான உரிமையை அவர் மீட்டார். பிக் பிரையர், மோக் மியூசிக் ஆனது. வெளிவந்த முதல் பெரிய கருவி மினிமோக் வாயேஜர். அப்போது அவருக்கு 68 வயது.

பெயரை மீட்ட பிறகு அவருக்குக் கிடைத்தவை மூன்றே ஆண்டுகள். 2005 ஏப்ரலில் மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. ஆகஸ்ட் 21 அன்று ஆஷ்வில் இல்லத்தில் காலமானார்.

காப்புரிமைக் காலம் முடிந்த அவருடைய ஏணி ஃபில்டரை இன்று பல நிறுவனங்கள் நகலெடுத்துச் சில நூறு டாலருக்கு விற்கின்றன. மென்பொருள் வடிவில் அது மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டது. 2012-இல் அவருடைய பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் வாசிக்கக்கூடிய ஒரு குட்டி சின்தசைசரை வைத்தது. மோக் மியூசிக் நிறுவனத்தை 2023-இல் இன்மியூசிக் குழுமம் வாங்கியதால், அந்தப் பெயர் மறுபடியும் வேறொரு குழுமத்தின் சொத்தாகியுள்ளது. நிறுவனத்துடன் தொடர்பின்றித் தனித்து இயங்குகிறது, மகள் மிஷேல் முன்னின்று நடத்தும் பாப் மோக் அறக்கட்டளை. 2019-இல் ஆஷ்வில்லில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்த அந்த அறக்கட்டளை, தொடக்கப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெர்மினைக் காட்டி ஒலியின் இயற்பியலைக் கற்பித்து வருகிறது.